டிஃபெண்டர் அடித்த கோல்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மருமகன் ஊரோடு வந்து கடை போட்டது நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் சர்க்கரை கொஞ்சம் எகிறிவிட்டது, அரிசியைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"டிஃபெண்டரை எவன் ஞாபகம் வைத்திருக்கிறான்?" என்று எழுதியிருந்தாய். கல்லூரிக் காலம் முழுக்க கால்பந்தில் கோலுக்கு முன்னால் தடுத்து நிற்கும் ஸ்டாப்பர் பேக்காகவே நின்றவனின் வயிற்றெரிச்சல், புரிகிறது. ஆனால் ஜெர்மனியில் ஒரு டிஃபெண்டரை இருபது வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறார்கள். நியா கியூன்ட்சர். தேவைப்பட்டால் பின்வரிசைக்குச் சற்று முன்னால், தடுப்பு மிட்ஃபீல்டிலும் ஆடுவார்.

2003 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை சீனாவில் நடந்திருக்க வேண்டியது. சார்ஸ் நோய் பரவியதால் அமெரிக்காவுக்கு மாற்றினார்கள். அக்டோபர் 12, லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் கார்சன் நகரில் இறுதி ஆட்டம், எதிரே ஸ்வீடன். இடைவேளைக்குச் சற்று முன்னால் ஸ்வீடன் ஒரு கோல். இடைவேளை முடிந்து திரும்பி வந்த கையோடு ஜெர்மனியின் மாரன் மைனெர்ட் அதைச் சமன் செய்தார். 88ஆவது நிமிடத்தில் நியா மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். கூடுதல் நேரம், 98ஆவது நிமிடம். ரெனாட்டே லிங்கோர் ஃப்ரீ கிக்கைத் தூக்கி அடிக்க, நியா எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டி ஒரு ஹெட்டர். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது! அப்போது தங்க கோல் விதி இருந்ததே, கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தால் கதை முடிந்தது. அடுத்த வருஷமே அந்த விதியைத் தூக்கிவிட்டார்கள். ஆண்களோ பெண்களோ, உலகக் கோப்பை இறுதியைத் தங்க கோல் முடித்து வைத்தது அந்த ஒரு தடவைதான். வேடிக்கை என்னவென்றால், 2001 ஐரோப்பியக் கோப்பை இறுதியிலும் இதே ஸ்வீடன், இதே 98ஆவது நிமிடம், தங்க கோல். அடித்தவர் கிளாடியா முல்லர். பாவம் ஸ்வீடன்.

அந்த ஹெட்டரை ஜெர்மன் தொலைக்காட்சி ரசிகர்கள் அந்த வருஷத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. 1989இல் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்த ஜெர்மன் பெண்களுக்கு அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் பரிசாகக் கொடுத்தது காபி செட் என்பதையும் சேர்த்துப் பார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் நியாவைப் பற்றி எனக்குப் பெரிதாகப் படுவது அந்த கோல் இல்லை. முழங்கால் லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், அவருக்கு நான்கு முறை அறுந்தது. ஒரு முறை அறுந்தாலே பல மாதம் போய்விடும், பலர் அதோடு ஷூவைக் கழற்றிவிடுவார்கள். அதனால்தான் நாட்டுக்காக ஆடியது வெறும் 34 ஆட்டம். அதே அணியின் பிர்கிட் பிரின்ஸ் 214 ஆடினார். இத்தனைக்கும் நடுவில் பிராங்க்பர்ட் கிளப்பில் 2008 வரை தாக்குப்பிடித்து, ஐரோப்பிய கிளப் கோப்பையை மூன்று முறை ஜெயித்துவிட்டார்.

பிறந்தது போட்ஸ்வானாவில். அப்பா அம்மா அங்கே மேம்பாட்டுப் பணியில் இருந்தார்கள். பிறகு ஜெர்மனியின் வெட்ஸ்லாரில், ஒரு குழந்தைகள் கிராமத்தில், பெற்றோர் எடுத்து வளர்த்த பிள்ளைகளோடு வளர்ந்திருக்கிறார். படித்தது கல்வியியல். ஆட்டத்தை விட்ட பிறகு தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசினார். கீசனில் அரசு அலுவலகத்தில், அகதிகளை வரவேற்றுத் தங்கவைக்கும் பிரிவிலும் வேலை பார்த்தார். 2024 ஜனவரியிலிருந்து ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தில் பெண்கள் கால்பந்தின் விளையாட்டு இயக்குநர்.

இத்தனை இருந்தும் யாரும் முதலில் கேட்பது அந்த ஹெட்டரைத்தான். அவர் தடுத்த பந்துகளை ஒருவரும் கேட்பதில்லை. ஆக, உன் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம், பொங்கலுக்கு ஊருக்கு வரலாம் என்று இருக்கிறோம். டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி