தலைக்கட்டு வரியில் எங்கள் பெயரை விட்டுவைத்தவர்களுக்கும் திருப்பூர்க்காரர்களுக்கும் நன்றி

சொந்த ஊருக்குத் திரும்புவதற்காகத் திருப்பூரில் வீட்டைக் காலி செய்த வாரம் ஒரே ஓட்டமாகப் போய்விட்டது. டெம்போ பேசுவது, அட்வான்ஸ் வாங்குவது, மகளுக்கு டி.சி. வாங்குவது என்று அலைந்ததில் பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இரண்டு மூன்று பேர் வருத்தத்தில் இருப்பதாகக் காதில் விழுந்தது. ஒவ்வொருவருக்காகப் போன் போட்டால் நான் அழுதுவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எழுதினால் அழ வராது. சரி, எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம், கமுதிப் பக்கம். மூன்று ஏக்கர் மானாவாரி. ஆவணி புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற விவசாயம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு என்று அப்புறம் செய்தியில் சொன்னார்கள். எங்களுக்குச் சதவீதம் தெரியாது, கண்மாயில் ஆட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்பது தெரியும். டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, அதில் எங்கள் கண்மாய்க்கு ஒரு சொட்டு வரவில்லை. முழங்கால் உயரம்கூட வராத பயிர் மஞ்சளாகி நின்றது. வைக்கோலுக்காவது ஆகட்டும் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. கடைசியில் மாட்டை வயலுக்குள் அவிழ்த்துவிட்டோம். நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போனதால், கைமாற்று கொடுப்பவர்களிடமும் பணம் இல்லை.

2017 ஜனவரி 10-ஆம் தேதி எல்லா மாவட்டமும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். உழவு, விதை, களை என்று போட்ட காசுக்கே அது காணாது. நூறு நாள் வேலையை 150 நாளாக்கினார்கள். ஆனால் மண் சுமந்த கூலி பேங்கில் ஏறுவதற்குள் பலசரக்குக் கடையில் பாக்கி ஏறிவிடும். தை மாசம் முடிவதற்குள் மாமியாரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். எங்கள் தெருவில் அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு பூட்டாத வீடுகளை எண்ணிவிடலாம்.

திருப்பூரில் முதல் நன்றி, நான் வேலைக்குச் சேர்ந்த பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருந்த அக்காவுக்கு. என்னைப் பிசிறு வெட்டத்தான் எடுத்தார்கள். எனக்கு விரலெல்லாம் வெடிப்பு, களைக்கொட்டு பிடித்த கை. பனியன் துணியைத் தொட்டாலே தோல் நூலில் மாட்டி இழுக்கும். இழுத்தால் பீஸ் போச்சு. சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, காட்டு வேலையா?" என்று கேட்டார். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுக்கச் சொன்னார். காலையில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் கம்பெனிக்குள் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்க் கறைக்கு என்னையே பிடிப்பார்கள் என்றும் சொன்னார். கை ஆறும்வரை துணியை விரித்துப் பிடிக்கிற வேலையைத் தான் எடுத்துக்கொண்டு, கத்தரியை மட்டும் என்னிடம் கொடுத்தார். அப்புறம் செக்கிங் பழக்கினார். பீஸை உள்பக்கம் திருப்பி, தோள் மூட்டு, கழுத்துப்பட்டி, அக்குள், பக்கத் தையல், கடைசியாக அடிமடிப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்க வேண்டும். இன்றைக்கும் யாராவது புதுச் சட்டை போட்டுவந்தால் என் கண் முதலில் தோள் மூட்டுக்குத்தான் போகிறது. அக்கா, உங்களால் வந்த கெட்ட பழக்கம் இது.

அடுத்து, மளிகைக் கடை அண்ணாச்சி. அவரும் தெற்கத்தி ஆள்தான், எங்கள் பேச்சைக் கேட்டதுமே ராமநாதபுரமா என்று கேட்டுவிட்டார். நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் புதிதாக வந்தவர்களுக்குக் கடன் கிடையாது என்று போர்டே வைத்திருந்தார். போர்டைப் பார்த்துக்கொண்டே எங்களுக்கு நோட்டில் பக்கம் போட்டார். சனிக்கிழமை சம்பளம் வந்தால் கொடுங்கள், வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை கொடுங்கள் என்றார். சம்பளம் வராத சனிக்கிழமையும் இருந்தது. என் வீட்டுக்காரர் பண்டல் ஏற்றி இறக்கிய இடத்தில் ஒரு கான்ட்ராக்டர் வாரக் கூலியை இழுத்தடித்தார். அவர் பேரை எழுதப் போவதில்லை, அந்தப் பணத்தை வாங்கிக்கொடுத்த தொழிற்சங்கத் தோழர் மட்டும் இதைப் படித்தால் போதும். சந்தா ரசீதுகூட எடுக்காத ஆளுக்காக இரண்டு ராத்திரி அந்தக் கம்பெனி வாசலில் நின்றீர்களே தோழர், அதை வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம்.

மகளைச் சேர்த்த பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அம்மாவுக்கு. வருஷம் முடிய இரண்டே மாசம் இருக்கும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினேன். கையில் டி.சி. இல்லை, ஆதார் கார்டு ஜெராக்ஸ் மட்டும். வேறொரு பள்ளியில் ஜூனில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீங்கள், "டி.சி. இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது, 2009-இலேயே சட்டம் வந்துவிட்டது" என்று சொல்லிப் பேரை எழுதிக்கொண்டீர்கள். சட்டம் எனக்குத் தெரியாது. மத்தியானம் சாப்பாடும் முட்டையும் உண்டு, சாயங்காலம் வரைக்கும் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்பதுதான் அன்றைக்கு என் மனதில் இருந்த கணக்கு. அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாவது.

அரிசிக் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ரேஷன் கார்டு ஊரில். அப்போதெல்லாம் எந்தக் கடையில் கார்டு இருக்கிறதோ அங்கேதான் வாங்க முடியும். எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பது 2020 அக்டோபரில்தான் வந்தது. கார்டைத் திருப்பூருக்கு மாற்றிவிடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். மாற்றினால் மாமியார் சோற்றுக்கு என்ன செய்வார்? அதோடு, ஊரில் பேரை வெட்டிக்கொள்ள எனக்கு மனசில்லை. ஆகவே மாமியார் அரிசியை வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மூட்டை கட்டுவார். கொழுந்தனார் அதைக் கமுதியிலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்குக் கொண்டுவந்து திருப்பூர் பஸ்ஸில் ஏற்றுவார். ஆள் இல்லாமல் மூட்டை மட்டும் வரும்! முதல் தடவை கண்டக்டர் அண்ணன், "ரேஷன் அரிசிதானே? வழியில் மடக்கினால் என்னையல்லவா கடத்தல்காரன் என்பார்கள்" என்று சத்தம் போட்டிருக்கிறார். சத்தம் போட்டுவிட்டுத் தன் சீட்டுக்கு அடியிலேயே தள்ளிவைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மூட்டை வரும் தேதியை அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். வண்டி நம்பரைச் சொல்ல மாட்டேன், ரூல்படி அது சரியோ தப்போ. டீக் காசுகூட வாங்கிக்கொண்டதில்லை அவர்.

இனி ஊருக்கு வருகிறேன். பிழைக்கப் போனவர்கள் நன்றி சொல்வதென்றால் போன ஊருக்குத்தான் சொல்வார்கள். போகாமல் இருந்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது எப்போதுமே உறுத்தும். அவர்களுக்கும் அதே மழைதான் பொய்த்தது. போக முடியாதவர்கள், போக மனசில்லாதவர்கள். கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டு, புகையில் இருமிக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள்.

எங்கள் நிலத்தை ஒட்டிய நிலத்துக்காரர், முறைக்குப் பெரியப்பா. எங்கள் பக்கம் நிலத்தை இரண்டு வருஷம் சும்மா போட்டால் சீமைக்கருவேலம் ஏறிவிடும், மூன்றாம் வருஷம் வயல் எது காடு எது என்று தெரியாது. பிறகு அதை அழிக்க ஜே.சி.பி. வாடகை கொடுப்பதற்குப் பதில் நிலத்தை விற்றுவிடலாம் என்று தோன்றும். அப்படி விற்றவர்கள் உண்டு. பெரியப்பா தன் ஆட்டோடு எங்கள் ஆட்டையும் பங்குக்கு மேய்த்தார். ஆடு கருவேலங்காயைத் தின்றுவிட்டு எங்கள் வயலிலேயே புழுக்கை போடும், அதிலிருந்து கன்று முளைக்கும். ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்து, முள் இறுகுவதற்கு முன்னால் கன்றைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வருஷம் இல்லை, நாங்கள் வரும்வரை. கூலி என்று பேச்செடுத்தால், "ஓங்க ஆடு போட்டதத்தானே புடுங்குனேன்" என்கிறார்.

அப்புறம் தலைக்கட்டு வரி. முளைப்பாரித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுவார்கள். வெளியூர் போய் வரி கட்டாதவர்கள் பேரை நோட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று கூட்டத்தில் பேச்சு வந்ததாம். எடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் அன்றைய நிலைமையில் மிச்சம்தான். ஆனால் பேர் போனால் கூட்டத்தில் பேச வழியில்லை, கோயில் முறையில் பங்கில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேரை எடுக்கவில்லை. பாக்கி என்று எழுதி வைத்துக்கொண்டு வருஷா வருஷம் போன் போட்டு வரி கேட்டார்கள். கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். வாடகை கொடுக்கவே முட்டுகிற மாசத்தில் முளைப்பாரிக்கு வரியா என்று நானே திட்டியிருக்கிறேன். ஆனாலும் போன் வரவில்லை என்றால் அதைவிடப் பயமாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டே இருந்ததற்கு நன்றி. மொத்தப் பாக்கியையும் இந்த வைகாசியில் வந்ததும் முதல் வேலையாகக் கட்டிவிட்டோம்.

2021 பருவமழையில் கண்மாய் நிரம்பி மறுகால் போனது. அந்த வீடியோவைக் கொழுந்தனார் அனுப்பிய அன்றைக்கே என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். நான்தான் மகளின் பரீட்சை முடியட்டும் என்று நிறுத்திவைத்தேன். இப்போது புழுதி விதைப்பு முடிந்திருக்கிறது. இந்த வருஷம் மழை எப்படியோ. பொய்த்தால் மறுபடி திருப்பூர்தானா என்று கேட்கிறார்கள். வர வேண்டிவந்தால் வருவோம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. செக்கிங் டேபிளில் இடம் இருக்கும் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு வார்த்தை. நோட்டில் எங்கள் பக்கத்தில் 340 ரூபாய் நிற்கிறது. போனில் அனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கார்த்திகையில் கொழுந்தனார் அந்தப் பக்கம் வருகிறார். அவரிடம் கொடுத்துவிடுகிறேன், மரியாதையாக வாங்கிக்கொண்டு பக்கத்தை அடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கமுதி வட்டத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம்