மைல்ஸில் ரிக்கெற் எடுப்போர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விமானப் பயணத்துக்கும் கடன் அட்டைச் செலவுக்கும் நிறுவனங்கள் தரும் புள்ளியைத்தான் மைல்ஸ் என்கிறோம். வெளிநாட்டுப் பிள்ளைகளின் மைல்ஸ் புள்ளிகளில் ரிக்கெற் எடுத்துப் பறக்கும் பெற்றோர் இன்று வன்னியில் புதினமில்லை. ரொறன்ரோவில் மகள் கடன் அட்டையில் சேர்த்த புள்ளி, புதுக்குடியிருப்பில் இருக்கும் தாய்க்கு ஆசனமாகிறது. ஆனால் புள்ளி வைத்திருப்பவர் ஒருவர், பறப்பவர் இன்னொருவர், ரிக்கெற் அடிப்பது ஒரு விமான நிறுவனம், ஏற்றிச் செல்வது வேறொரு நிறுவனம். பிசகெல்லாம் இந்த நாலு தரப்புக்கும் நடுவில்தான் நடக்கிறது. அதனால் சில விபரங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, யாருடைய மைல்ஸில் எந்த விமானம் என்பது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதத்தில் ‘வன்வேர்ல்ட்’ என்ற விமான நிறுவனக் கூட்டணியில் சேர்ந்தது. ஆகவே பிரிட்டிஷ் எயார்வேய்ஸ், கட்டார் எயார்வேய்ஸ், குவான்டஸ் ஆகியவற்றில் புள்ளி வைத்திருப்போர் ஸ்ரீலங்கனிலும் ஆசனம் தேடலாம். எயார் கனடாவின் ‘ஏரோபிளான்’ புள்ளியோ ‘ஸ்டார் அலையன்ஸ்’ பக்கம். கொழும்புக்கு வரும் விமானங்களில் துருக்கிஷ், சிங்கப்பூர், எயார் இந்தியா அந்தக் கூட்டணி. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. எயார் கனடாவுடனும் குவான்டஸுடனும் தனி உடன்பாடு வைத்திருக்கிறது. கனடாப் பிள்ளையிடம் ஏரோபிளான் இருக்க, ‘ஸ்ரீலங்கனில் எடுத்துத் தா’ என்று கேட்டு மாதக்கணக்கில் மனம் நோகும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் புள்ளிக்கு அந்த விமானம் கிடையாது.

விமானத்தில் 20 ஆசனம் வெறுமையாகக் கிடந்தாலும் மைல்ஸுக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் ஆசனங்களை எழுத்து வாரியாகப் பிரித்து வைத்து, காசுக்கு விற்காது என்று தான் கணிக்கும் சிலவற்றை மட்டும் பங்காளிகளுக்கு, அதாவது கூட்டணியிலோ உடன்பாட்டிலோ உள்ள மற்ற நிறுவனங்களுக்கு, திறக்கிறது. ஸ்டார் கூட்டணியில் பங்காளிக்குரிய எக்கனமி ஆசனம் ‘எக்ஸ்’, பிஸ்னஸ் ஆசனம் ‘ஐ’. அந்த எழுத்தில் சுழியம் என்றால் அழைப்பு நிலையத்தில் எவ்வளவு மன்றாடினாலும் வராது. தன் சொந்த அங்கத்தவர்களுக்கு நிறுவனம் கூடுதலாகத் திறப்பதும் உண்டு. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் நீண்ட தூர பிஸ்னஸ் ஆசனங்களைப் பெரும்பாலும் தன் புள்ளித் திட்டமான கிறிஸ்ஃபிளையரின் அங்கத்தவர்களுக்கே வைத்துக்கொள்ளும். ஏரோபிளான் இணையப் பக்கத்தில் அதைத் தேடி இரவு முழித்துப் பயனில்லை.

தேடும் முறைதான் பலருக்குத் தெரியாதது. போக வர, நாலு பேர், ஒரே திகதி என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுத் தேடுகிறார்கள். மூன்று ஆசனம் இருந்தால்கூட நாலு பேருக்குக் கேட்டால் ‘இல்லை’ என்றே திரை காட்டும். ஒருவருக்கு, ஒரு வழிக்கு மட்டும் முதலில் தேட வேண்டும். அதிலும் அரிதான நீண்ட பறப்பை முதலில் பிடிக்க வேண்டும்: ரொறன்ரோ–இஸ்தான்புல் கிடைக்கிற நாள்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பொருந்த இஸ்தான்புல்–கொழும்பு பார்க்க வேண்டும். பிறகு ஆள் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தால் எத்தனை பேருக்கு இடம் என்று தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒரு நாள், இரண்டு பேர் மறுநாள் என்று பிரிப்பது பல வேளைகளில் ஒரே வழி. வயதானவர் தனித்துப் போகாமல் பிரிப்பது நம் பொறுப்பு.

தனித்தனியே தெரிந்த இரண்டு பறப்பும் கொழும்பு வரை சேர்த்துத் தேடும்போது மறைந்துபோவதும் உண்டு. நிறுவனத்தின் கணினி முழுப் பயணத்தையும் ஒரே சரக்காக எடைபோடுவதால் வரும் விளைவு அது. ஒரு நாள் முன்பின் தள்ளிப் பார்க்கலாம். அல்லது இரண்டு பறப்பு இலக்கங்களையும் திகதியோடு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டு, புள்ளிகளுக்குரிய நிறுவனத்தை அழைத்து வாசிக்கலாம். ‘கொழும்புக்கு ஏதாவது இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலே லேசாக வரும்.

பேய் ஆசனமும் உண்டு. திரையில் தெரியும், காசு கட்டும் கட்டத்தில் பிழை என்று சொல்லும். பங்காளி நிறுவனத்தின் ஆசன நிலவரம் இந்தப் பக்கத்துக் கணினியில் புதுப்பிக்கப்படாமல் கிடப்பதே காரணம். ஸ்டார் கூட்டணி ஆசனத்தை யுனைற்றட் நிறுவனத்தின் பக்கத்திலும், வன்வேர்ல்ட் ஆசனத்தை குவான்டஸ், பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் இரண்டு பக்கத்திலும் ஒத்துப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரியும். பிழை வந்தால் மீண்டும் மீண்டும் அமர்த்தக் கூடாது. புள்ளி கழிந்ததா, அட்டையில் காசு பிடித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு விடயத்தை நான் பிடிவாதமாகவே சொல்வேன். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற அட்டைப் புள்ளிகளை ஆசனம் கண்ணால் கண்ட பிறகே விமானக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றிய புள்ளி திரும்பி வராது. ‘எப்படியும் தேவைப்படும்தானே’ என்று முன்கூட்டியே ஏரோபிளானுக்கு மாற்றியவர், பிறகு கட்டாரில் ஆசனம் கண்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். பிரிட்டிஷ் எயார்வேய்ஸும் கட்டாரும் தரும் ஏவியோஸ் புள்ளி இதில் சற்று இளகியது: பிரிட்டிஷ் எயார்வேய்ஸுக்கும் கட்டாருக்கும் இடையே கணக்குகளை இணைத்து ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றலாம். ஆவணிக்கு ஆசனம் தேடும் முன் புள்ளி உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஏரோபிளான் 18 மாதம் அசைவில்லாவிட்டால் காலாவதி. பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் ஏவியோஸ் 36 மாதம். கிறிஸ்ஃபிளையர், அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் சேர்த்ததிலிருந்து 36 மாதம்.

காலம் பற்றி. ஆசனங்கள் ஏறத்தாழ 330 முதல் 360 நாள்களுக்கு முன்னர் திறக்கின்றன. பிரிட்டிஷ் எயார்வேய்ஸும் சிங்கப்பூரும் 355 நாள். அடுத்த வாய்ப்பு புறப்பாட்டுக்கு முந்திய இரண்டு வாரம். விற்காத ஆசனங்களைச் சில நிறுவனங்கள் அப்போது விடும். நடுவில் வறட்சி. ஆகஸ்ட் 15 மடுத் திருநாளுக்கு வர நினைப்பவர்கள் ஐரோப்பிய, கனடியப் பள்ளி விடுமுறையோடு மோதுகிறார்கள். அவர்கள் முந்திய ஆவணியிலேயே தொடங்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வருவதால் பிள்ளைகளின் பள்ளி தடையில்லாதவருக்கு அந்த வாரங்களில் தேடுவது லேசு. போகும் நாள் திறந்து, வரும் நாள் இன்னும் திறக்காத நிலையில் ஒரு வழியை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதை அது திறக்கும் நாளில் எடுக்கலாம். விசா வர முன்னர் எடுப்பதிலும் பெரிய தப்பில்லை. பெரும்பாலான மைல்ஸ் ரிக்கெற்றுகளை ஒரு கட்டணத்தோடு இரத்துச் செய்து புள்ளியைத் திருப்பி எடுக்கலாம். கட்டணமும் கடைசி நேரமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அமர்த்தும் முன் அந்த விதியை வாசியுங்கள்.

இலவசம் என்று நினைத்து அமர்த்தினால் வரிக் கணக்கு முகத்தில் அடிக்கும். புள்ளி ஆசனத்துக்கு மட்டும். விமான நிலைய வரியும் சில நிறுவனங்களின் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் காசுதான். இலண்டனிலிருந்து புறப்பட்டால் பிரித்தானியப் பயணிகள் வரி உண்டு. எக்கனமியைவிட மேல்வகுப்புக்கு அது கூட. எக்கனமியில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்த வரி இல்லை. கொழும்பிலிருந்து இலண்டனுக்கு ஒரு வழி எடுத்தால் அது சேராது. ஏரோபிளானில் பங்காளி விமானத்துக்கு ஆளுக்கு 39 கனடிய டொலர் பதிவுக் கட்டணம் சேரும். எரிபொருள் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

பெயர். நம்மவர்க்கு இதுதான் பெரிய பள்ளம். இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ஒரு வரி, ஏனைய பெயர்கள் ஒரு வரி. தகப்பன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்காமல், கனடாவில் தான் எழுதும் ஒழுங்கில் மகன் தட்டிவிடுகிறார். தர்மலிங்கம் ஆங்கிலத்தில் ‘ரி’யில் தொடங்குகிறதா ‘டி’யில் தொடங்குகிறதா, சிவபாலனில் வரும் ‘பா’வுக்கு ஆங்கிலத்தில் P-யா B-யா என்பதை நினைவில் இருந்து எழுதக் கூடாது. கடவுச்சீட்டின் படத்தைப் பெரிதாக்கி, அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பங்காளி விமான ரிக்கெற்றில் பெயர்த் திருத்தத்துக்கு இரண்டு நிறுவனமும் இணங்க வேண்டும். பல வேளை இரத்துச் செய்து திரும்ப எடு என்பார்கள். அந்த இடைவெளியில் ஆசனம் போய்விடும்.

இனி, வட்ஸ்அப்பில் வந்த தாளை வாசிக்கும் விதம். ஆறு எழுத்து இலக்கம் ஒன்று இருக்கும். அது பதிவு மட்டுமே. ரிக்கெற் என்பது 13 இலக்க எண். அதன் முதல் மூன்று இலக்கமும் எந்த நிறுவனம் அடித்தது என்று சொல்லும்: ஸ்ரீலங்கன் 603, எயார் கனடா 014, பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் 125, கட்டார் 157, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் 618, குவான்டஸ் 081. துருக்கிஷ் விமானத்தில் ஏறப்போகும் அம்மாவின் ரிக்கெற் 014 என்று தொடங்கினால் பயப்பட வேண்டாம். ஏரோபிளானில் எடுத்ததால் அப்படித்தான் இருக்கும். 13 இலக்கம் இல்லாமல் ஆறு எழுத்து மட்டும் இருந்தால் பயப்படத்தான் வேண்டும். பதிவு இருக்கிறது, ரிக்கெற் அடிபடவில்லை. ஏற்றிச் செல்லும் நிறுவனம் சில நாளில் பதிவைக் கழித்துவிடும். ஒரு நாளுக்குள் 13 இலக்கம் வராவிட்டால் பிள்ளை அழைத்துக் கேட்க வேண்டும்.

ஏற்றிச் செல்லும் நிறுவனத்துக்கு வேறொரு ஆறு எழுத்து உண்டு. அழைப்பு நிலையத்தில் கேட்டால் தருவார்கள். அதை அந்த நிறுவனத்தின் பக்கத்தில் கொடுத்துத்தான் ஆசனம் தெரிவதும், சக்கர நாற்காலி கேட்பதும், சாப்பாடு சொல்வதும். சாப்பாட்டில் ‘இந்து உணவு’ என்பதைச் சைவம் என்று எண்ணி அமர்த்துகிறார்கள். அதில் இறைச்சி வரும், மாட்டிறைச்சி இராது. சைவக்காரருக்கு வேண்டியது ‘ஆசிய மரக்கறி உணவு’, குறியீடு ஏவிஎம்எல்.

நேர மாற்றம்தான் கடைசி நேரக் கண்டம். ஏற்றிச் செல்லும் நிறுவனம் பறப்பை மாற்றினால் பதிவு புது நேரத்துக்கு மாறும். ரிக்கெற்றை அடித்த நிறுவனம் அதைத் திருத்தி மறுபடி அடிக்காவிட்டால் இரண்டும் பொருந்தாது. கவுண்டரில் பெயர் தெரியும், ஏறும் அட்டை வராது. கட்டுநாயக்கவில் நிற்கும் ஊழியரால் இன்னொரு நிறுவனத்தின் ரிக்கெற்றைத் திருத்த முடியாது. அவரைத் திட்டிப் பயனில்லை. மாதத்துக்கு ஒரு தரமும், கடைசி வாரத்தில் இரண்டு தரமும் இரண்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்திலும் பதிவைத் திறந்து நேரம் ஒத்துப் பாருங்கள். அதிகாலை 3 மணிப் பறப்புக்குச் சிக்கல் வந்தால் கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது முதல் நாள் மாலை 5.30. பிள்ளை அந்த நேரம் தொலைபேசியோடு இருக்க வேண்டும். ‘15ஆந் திகதி அதிகாலை’ என்றால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடுவது 14ஆந் திகதி பகலிலேயே என்பதையும் ஒரு தரம் சொல்லிவையுங்கள்.

கட்டுநாயக்க ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் கிட்ட என்பதால் யாழ்ப்பாணம்–சென்னை ரிக்கெற்றைத் தனியாக வாங்கி, சென்னையிலிருந்து மைல்ஸில் பறக்கும் யோசனை அடிக்கடி வருகிறது. தனி ரிக்கெற் என்றால் சென்னையில் வெளியே வந்து பொதி எடுத்துத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனம் காத்திராது, வராதவர் என்று பதிந்து மிச்சப் பயணத்தையும் கழித்துவிடும். பலாலிக்கு வருவது சிறிய விமானம். பொதி எல்லையும் குறைவு. ஒடியலும் கருவாடும் கட்டிய 23 கிலோப் பெட்டி அதில் காசு கேட்கலாம். வேறு வழி இல்லாதவர் நடுவில் ஓர் இரவு தங்கிப் போகட்டும்.

பிராங்க்பேர்ட், சூரிச் வழியாக ஆசனம் கிடைத்தால் உடனே அமர்த்த வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் (ஐரோப்பியப் பொது விசா வலய) விமான நிலையத்தில் வெளியே வராமல் விமானம் மாறுவதற்கும் ட்ரான்சிட் விசா வேண்டும். செல்லுபடியான கனடா, அமெரிக்க விசா உள்ளவருக்கு விலக்கு உண்டு. ஒரே ரிக்கெற்றில் டோஹா, இஸ்தான்புல், சிங்கப்பூரில் விமானம் மாறுவதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மைல்ஸ் ரிக்கெற் மலிவாகத் தருகிறோம் என்று முகநூலில் வரும் விளம்பரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். புள்ளியை விற்பதை நிறுவனங்களின் விதிகள் தடுக்கின்றன. பிடிபட்டால் கணக்கை மூடி ரிக்கெற்றைக் கழிப்பார்கள். காசு கொடுத்தவர் கையில் ஒன்றும் மிஞ்சாது, முறையிட இடமும் இராது. கிறிஸ்ஃபிளையரில் முன்கூட்டிப் பதிந்த 5 பேருக்கே எடுக்கலாம்; குவான்டஸில் குடும்ப உறவினருக்கே. ‘யாருக்கும் எடுத்துத் தருவேன்’ என்பவரிடம் எந்தக் கணக்கில், அது யாருடையது என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையின் கடவுச்சொல்லைக் கேட்கும் முகவருக்கும் அதே கேள்விதான்.

தங்கள் பத்திரிகையில் விமான நேரங்கள் வெளியிடும்போது மேலே சொன்ன ஒவ்வொரு நிறுவனத்தின் மூன்றிலக்க எண்ணையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிட்டால் நன்று. கண்ணாடி போட்டுத் தாளைப் பார்க்கும் தாய் தகப்பனுக்கு, பஸ் ஏறும் முன்னர் ஒத்துப் பார்க்க அது உதவும்.

இங்ஙனம்,
விமானச்சீட்டுப் பதிவு வேலையில் உள்ள ஒருவர்,
கிளிநொச்சி.