பார்சலில் வந்த பெருங்காயம்

ஹாம்பர்க்
டிசம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்து 12 நாளாகிறது. பொடி டப்பாக்களுக்கு நடுவே உன் கடிதம் மடித்துக் கிடந்தது. பக்கத்தில் அத்தை இருப்பதால் போனில் சொல்ல முடியாததையெல்லாம் எழுதியிருக்கிறாய். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. நீ திட்டியதும் சரிதான்.

நீ கேட்டதற்கு முதலில் பதில். நன்றாகச் சாப்பிடுகிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஷ்டைன்டாம் தெருவில் அந்த ஆப்கானியர் கடையில்தான் இன்னும் இருக்கிறேன். "ஓட்டலில் எடுபிடியா?" என்று பெரியம்மா கேட்டார்களாமே. எடுபிடி இல்லை, கேரட் வெட்டுகிறேன். அங்கே அது பெரிய உத்தியோகம்.

கடைக்காரரை எல்லோரும் காக்கா என்கிறார்கள். அவர்கள் பாஷையில் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்களே, அதனால் எனக்கு வாயில் சுலபமாக வந்துவிட்டது. அவருடைய அப்பா கம்பள வியாபாரி. இங்கே துறைமுகத்தில் வாய்க்கால் ஓரமாகச் செங்கல் கிடங்குகள் வரிசையாக நிற்கும். அங்கேதான் அவருக்கு வியாபாரம். 1979 கடைசியில் ரஷ்யப் படை அவர்கள் நாட்டுக்குள் போனபின் குடும்பமே இங்கு வந்துவிட்டது. கம்பளத்தில் வருமானம் குறைந்ததும் இந்தக் கடையைப் போட்டார்கள்.

அடுப்படி முழுக்கக் காக்காவின் மனைவி ராஜ்யம். அவரை காலா என்று கூப்பிட வேண்டும், சித்தி மாதிரி. முதல் நாள் நான் கேரட்டைப் பொரியலுக்கு நறுக்குவதுபோல் பொடியாக நறுக்கி வைத்தேன். காலா ஒரு பிடி அள்ளிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் சூப்புச் சட்டியில் போட்டுவிட்டார். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து நீளம் காட்டினார். அந்த நீளம், தீக்குச்சிக் கனம். அதைச் சர்க்கரை சேர்த்து எண்ணெயில் வதக்கி, திராட்சை உப்பி வரும்போது ஏலக்காய்ப் பொடி போட்டு இறக்கவேண்டும். காபுலி புலாவுக்கு மேலே தூவுவது அதுதான். அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்து, கறி வெந்த சாறு ஊற்றிக் கிளறி, மூடியில் துணி சுற்றித் தம் போடுகிறார்கள். கறி சோற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மிளகாய் கிடையாது. முதல் வாரம் எனக்கு என்னவோ பாயசத்தில் கறி போட்டதுபோல் இருந்தது, இப்போது பழகிவிட்டது. எல்லாம் ஆட்டுக்கறிதான், அப்பாவிடம் சொல்லிவிடு.

மண்டு என்று ஒன்று, கொழுக்கட்டை மாதிரி. இட்லிக் கொப்பரை போன்ற அடுக்குப் பாத்திரத்தில் அவித்து, மேலே தக்காளியோடு வேகவைத்த கடலைப்பருப்பும் பூண்டு போட்ட தயிரும் ஊற்றுவார்கள். தயிருக்குப் பதில் சிலநாள் குரூத். தயிரை வடிகட்டி உப்புப் போட்டு, உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். ஊருக்குப் போய் வருபவர்கள் பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். காலா அதை ஒரு சொரசொரப்பான மண்சட்டியில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

குளிர் பரவாயில்லை. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அதுதான் ஒரு மாதிரி. கோட்டு வாங்கவில்லையா என்று கேட்டிருந்தாய். காக்காவின் மகனுடையது எனக்கென்றே தைத்ததுபோல் இருக்கிறது, வீணாக ஏன் இன்னொன்று? படித்த படிப்புக்கு நாலு இடத்தில் கேட்டிருக்கிறேன். விடுமுறைக் காலம் என்பதால் பதில் தாமதம்.

நேற்றிரவு கடை மூடியதும் உன் பெருங்காய டப்பாவை அங்கே திறந்தேன். காக்கா மோந்து பார்த்துவிட்டு "ஹிங்!" என்று சிரித்தார். அவருக்கு ஹெராத் பக்கம். அங்கே மலையில் அந்தச் செடியின் வேரைக் கீறிவிட்டு, வடிகிற பாலைச் சேர்ப்பார்களாம். எல்லாம் ஹிந்துஸ்தானுக்குப் போய்விடுமாம். அவர்கள் சமையலில் அதைச் சேர்ப்பதில்லை. குளிர்காலத்துக்குக் கறி காயப்போடும்போது உப்போடு தடவுவதோடு சரி. அவர் மலையில் வடிந்தது நம் அடுப்படிக்கு வந்து, நீ கட்டி அனுப்பி, திரும்ப அவர் மூக்குக்கே வந்திருக்கிறது பார்.

கொஞ்சம் ரசம் வைத்தேன். தாளித்த வாசனைக்குக் காலாவே எழுந்து வந்து, எனக்கும் ஒரு வாய் என்று கிண்ணத்தை நீட்டினார். நான் கொடுக்கவில்லை அம்மா. அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, கொடுக்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சட்டியோடு குடித்து முடித்தேன். காலா கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு டீயை வைத்துவிட்டுப் போனார். இன்று காலை கோவில்பட்டிக் கடலைமிட்டாயை முழுப் பாக்கெட்டாக அவரிடம் கொடுத்துவிட்டேன்.

சரி, அதை விடு. ஆச்சிக்குக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, பொங்கலுக்கு முன் முடித்துவிடு. பாப்பாவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் எனக்கு இன்ன சம்பளம் என்று அப்பா எதுவும் சொல்லிவிட வேண்டாம். வளையல் மேல் வாங்கிய கடனுக்கு இந்த மாதம் வட்டியை மட்டும் கட்டு. இங்கே பேங்கில் ஏதோ ஆப் மாற்றுகிறார்கள், பணம் அனுப்ப முடியவில்லை. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். கிணற்றுக்காட்டுப் பத்திரத்தைச் சித்தப்பா கேட்டு வந்தால், பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிடு. சாவி உன் பழைய தையல் டப்பாவில், ஊக்குகளுக்கு அடியில் இருக்கிறது. அப்பாவுக்குத் தெரியவேண்டாம், கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் மகன்