கடன் போன நன்னெறி வகுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு முடிவு வந்த சமயத்தில் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் போட்டால் மார்க்கும் வரும், ஒழுக்கமும் வரும் என்று நம்பி மகனைச் சேர்த்தாராம், மார்க் வந்துவிட்டது, மற்றது வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஏனென்றால் அந்த "மற்றது" கொஞ்ச காலம் என் பொறுப்பில்தான் இருந்தது.

நான் நெல்லை மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அரசு உதவி பெறும் ஆண்கள் பள்ளி. பெயர் வேண்டாம். நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் சேர்ந்த இரண்டாம் வருஷமே நன்னெறி வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். தமிழ் வாத்தியார் என்றால் நல்லது கெட்டது நாலு வார்த்தை பேசுவார் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

வெளியில் இருப்பவர்களுக்கு இது எப்படி நடக்கும் என்று தெரியாது, அதனால் சொல்கிறேன். மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பையன்கள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் மதப் பாடத்துக்குப் போவார்கள் (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் ஞானோபதேசம் என்றுதான் சொல்வார்கள்). மீதிப் பேர், அதாவது இந்து, முஸ்லிம் பையன்கள், நன்னெறிக்கு என்னிடம் வருவார்கள். இதில் சட்டப்படி தப்பே இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையினர் பள்ளி நடத்தலாம் என்கிறது, 28-வது பிரிவு அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனைக்கு உட்கார வைக்கக் கூடாது என்கிறது. பள்ளி அதை ஒழுங்காக மதித்தது. யாரும் யாரையும் மதம் மாறச் சொல்லி நான் அங்கே பார்த்ததில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரி வருகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், கணக்குக்கு ஒன்றாக உட்காருகிறவர்கள், கபடிக்கு ஒன்றாகப் போகிறவர்கள், நல்லது கெட்டது பேசும் அந்த நாற்பது நிமிஷம் மட்டும் தனித்தனி அறைக்குப் போனார்கள். மாதத்தின் முதல் வெள்ளியன்று கத்தோலிக்கப் பையன்கள் சர்ச்சுக்குப் பூசைக்குப் போவார்கள், மற்றவர்கள் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பேசியவன் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பான். அந்த ஒரு மணி நேரத்தில் அந்தப் பையன்கள் கற்றுக்கொண்டது லீடருக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் பெயர் அழியும் என்பதைத்தான்.

சரி, அந்த நன்னெறி வகுப்பாவது நடந்ததா? ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை நடந்தது. ஒன்பதில் ஆட்டம் கண்டது. பத்தாம் வகுப்பில் ஆகஸ்ட் மாதம் வந்தால் கணக்கு சார் கதவைத் தட்டுவார், "சார், இந்த பீரியடை நான் எடுத்துக்கட்டுமா? போர்ஷன் முடியல, அடுத்த வாரம் திருப்பித் தந்துடறேன்." நான் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடுவேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே போவேன், எனக்கும் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு இருக்கும். அப்படிக் கடன் போன பீரியட் ஒன்றுகூட எனக்குத் திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை. பிளஸ் டூவில் கால அட்டவணையில் மட்டும் "நன்னெறி" என்று இருக்கும், ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக. ஆகவே அந்தத் தகப்பனாருக்கு என் பதிலின் முதல் பகுதி, உங்கள் மகனுக்குச் சேர வேண்டிய வகுப்பை வேண்டாம் என்று கொடுத்துவிட்டவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் இந்த "ஒழுக்கம்" என்ற சொல். பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சொல் வராத கூட்டமே கிடையாது. விசாரித்தால் முடி ஒட்ட வெட்ட வேண்டும், சட்டையை உள்ளே விட வேண்டும், வாத்தியாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதையெல்லாம் எங்கள் பள்ளி நன்றாகவே செய்தது. பிரம்பு இருந்த காலத்தில் பிரம்பால் செய்தது, பிரம்பு போன பிறகு டிசி மிரட்டலால் செய்தது. பயத்தில் வந்த ஒழுக்கம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கூட வரும்.

இதில் எனக்கு உறுத்துவது, இதற்கு நேர் எதிரான ஒரு வழியைக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்களே எப்போதோ காட்டிவிட்டார்கள் என்பதுதான். 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தூரின் நகரத்தில் தெருப் பையன்களைச் சேர்த்துவைத்து வளர்த்த தொன் போஸ்கோ என்ற பாதிரியார், தப்பு நடந்த பிறகு அடிப்பதைவிட நடக்கும் முன்பே கூடவே இருப்பதுதான் கல்வி என்று 1877-ல் எழுதி வைத்தார். அறிவு, சமயம், அன்பு என்று மூன்று தூண். மைதானத்தில் பையன்களோடு பந்து விளையாடாத ஆசிரியர் அவர் கணக்கில் பாதி ஆசிரியர்தான். ராத்திரி படுக்கப் போகும் முன் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் ஏதாவது சொல்லி அனுப்பும் வழக்கம் அவருடைய அம்மாவிடமிருந்து தொடங்கியது என்பார்கள். அவருடைய சலேசிய சபையினர் 1906-லேயே தஞ்சாவூருக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பள்ளி அந்தச் சபையின் பள்ளி இல்லை, ஆனாலும் நான் சேர்ந்த புதிதில் போர்டிங்கைப் பார்த்துக்கொண்ட ஒரு ஃபாதர் அப்படித்தான் இருந்தார். சாயங்காலம் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாலிபால் ஆடுவார், தோற்றால் சண்டை போடுவார். போர்டிங் பையன் எவன் வீட்டிலிருந்து பணம் வரவில்லை, எவனுடைய அப்பா குடித்துவிட்டு வந்து கேட்டில் நிற்கிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் நன்னெறி வகுப்பு எடுத்ததே இல்லை. இப்போதைய தாளாளர்கள் பாவம், கட்டடம், ஆடிட், கோர்ட் கேஸ், ஆசிரியர் பணியிட அனுமதி என்று கல்வி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடந்தே தேய்கிறார்கள், வாலிபாலுக்கு எங்கே போவது.

சாதி விஷயத்துக்கு வருகிறேன், எங்கள் மாவட்டத்தில் இதைப் பேசாமல் மாணவர் நலன் பற்றிப் பேச முடியாது. சாதியைக் காட்டக் கையில் கலர் கயிறு கட்டி வரும் பழக்கம் பற்றி 2019-லேயே பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பையனை அவனோடு பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, கயிறு கூடாது, மோதிரம் கூடாது, நெற்றியில் சாதி காட்டும் பொட்டு கூடாது என்று அதில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தலைமையாசிரியர் கேட்டில் கத்தரிக்கோலோடு நின்று கயிறை வெட்டிப் பார்த்துவிட்டார். மறு வாரம் கயிறு மணிக்கட்டிலிருந்து சட்டைக் கைக்குள்ளே புஜத்துக்கு ஏறிவிட்டது. இன்னும் சிலர் வெள்ளைச் சட்டைக்குள் கலர் பனியன் போட்டு வந்தார்கள். கத்தரிக்கோல் எவ்வளவு தூரம் போகும்?

ஒரு நாள் நல்ல மழை. மறைக்கல்வி நடக்கும் அறை ஒழுகியது, அதனால் அந்தப் பையன்களையும் என் வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்பு. முதல் தடவையாக எல்லோரும் ஒரே அறையில். நான் தயாரித்து வைத்திருந்த கதையை விட்டுவிட்டு கயிறைப் பற்றிக் கேட்டேன், எதற்குக் கட்டுகிறீர்கள் என்று. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், நீங்க எந்தத் தெரு?" என்றான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். நான் கோபப்பட்டிருக்க வேண்டும், ஏனோ படவில்லை. தெருவைச் சொன்னேன். எங்கள் வீட்டுப் புறவாசலில் வேலைக்கு வருகிறவர்களுக்கு என்று அம்மா ஒரு தனி டம்ளர் வைத்திருந்ததையும் சொன்னேன். நான் வாத்தியார் ஆன பிறகும் அது அங்கேதான் இருந்தது என்றும் சொன்னேன். அதற்கு மேல் பையன்கள் பேசினார்கள், ஊர்க் கோவில் தேர், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்தப் பக்கம், எந்த டீக்கடையில் யார் உட்காரக் கூடாது. மறைக்கல்விக்குப் போகிற பையன்களும் பேசினார்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் மாவட்டத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே சாதிக்குச் சாதி பிரித்துச் சுவர் இருந்ததும், 1910 வாக்கில் சாமியார்கள் அதை இடித்ததும், அதற்காக வழக்கு நடந்ததும் ஒரு பையனுக்குத் தாத்தா சொல்லித் தெரிந்திருந்தது. எனக்கு அதுவரை தெரியாது.

மணி அடித்ததும் எல்லோரும் வழக்கம் போல எழுந்து ஓடிவிட்டார்கள். மறுநாள் யாரும் கயிறைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கவில்லை. ஒன்றே ஒன்று, சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பையன் வந்து, "அந்த டம்ளர் இப்பவும் இருக்கா சார்?" என்று கேட்டான். அம்மா தவறின பிறகு தூக்கிப் போட்டாச்சு என்றேன். "தவறின பிறகா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நன்னெறி படித்தது நான்தான்.

பல நாடுகளில் பள்ளிகள் நடத்தும் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையின் உலகத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973-ல் ஸ்பெயினில் வலேன்சியா நகரத்தில் தங்கள் பழைய மாணவர்கள் கூட்டத்தில் பேசினார். நீதிக்காக உங்களை நாங்கள் வளர்த்தோமா என்று தானே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லையாம். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியை எந்த மேடையிலும் கேட்டதில்லை. தேர்ச்சி சதவீதம் வாசிப்பார்கள், கைதட்டுவோம். முதல் மூன்று மார்க் எடுத்தவர்கள் முகம் கேட்டில் ஃபிளெக்ஸில் தொங்கும். மார்க்கை வைத்து ஏ செக்‌ஷன், டி செக்‌ஷன் என்று பிரித்துவிட்டு, டி செக்‌ஷனில் போய் "எல்லோரும் கடவுளின் பிள்ளைகள்" என்று பாடம் எடுத்தால் பையன்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள். சிரிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் ஒன்று அங்கே இருந்தது, மற்ற மதப் பையன்களும் சேரலாம். பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் கார்டைன் தொழிலாளி இளைஞர்களுக்காகச் சொன்ன வழிதான் அதில் பாடம்: முதலில் பார், பிறகு சீர்தூக்கு, பிறகு செயல்படு. பையன்கள் பள்ளிக் கழிப்பறையை ஒரு வாரம் பார்த்தார்கள். யார் சுத்தம் செய்கிறார், என்ன சம்பளம், கையுறை உண்டா என்று எழுதினார்கள். கூட்டம் போட்டுப் பேசி, தலைமையாசிரியரிடம் போய்க் கையுறையும் பினாயிலும் வாங்கித் தரச் சொன்னார்கள். அந்த அம்மாவின் பெயரே அதுவரை எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேருக்குத் தெரியாது. இதே பள்ளியிலிருந்துதான் வருஷா வருஷம் முதியோர் இல்லத்துக்கும் கூட்டிப் போவோம், பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்துவிட்டு வருவோம். ஒரு தடவை திரும்பி வரும் வேனில் எட்டாம் வகுப்புப் பையன் கேட்டான், "சார், போட்டோ எடுக்கலாமான்னு அந்தத் தாத்தாகிட்ட யாருமே கேக்கலையே?" இரண்டும் சமூக சேவை என்ற பெயரில்தான் ஆண்டறிக்கையில் வந்தது. அந்த இயக்கம் பிறகு பொறுப்பாசிரியர் மாறியதும் நின்றுபோனது.

அந்தத் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டை வாங்கும் முன், நன்னெறி வகுப்பு இந்த டேர்மில் எத்தனை நடந்தது என்று கேளுங்கள். நீங்கள் கேட்காதவரை கணக்கு சார் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருப்பார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் நாம் கேட்பது அது ஒன்றைத்தான்.

பள்ளி நிர்வாகங்களுக்கும் ஒரு யோசனை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு இருந்த பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் அரசு எடுத்துவிட்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பிளஸ் ஒன்னில் வாரம் ஒரு பீரியட், மறைக்கல்வி அவர்களுக்குத் தனியாக இருக்கட்டும், அது அவர்கள் உரிமை, இது வேறு. எல்லா மதத்துப் பையன்களும், எல்லா செக்‌ஷனும் கலந்து, பரீட்சை கிடையாது, நோட்டு கிடையாது. கயிறு, செல்போன், காதல், குடிக்கிற அப்பா, வாத்தியாரின் பாரபட்சம், எது வேண்டுமானாலும் பேசலாம். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஒரு பையன் சொல்ல வந்தால் கேட்பதற்கும் அங்கே ஆள் இருப்பார். புகார்ப் பெட்டி எங்கள் பள்ளியிலும் இருந்தது, ஆபீஸ் வாசலில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில்.

எடுப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்வார்கள். எங்கள் பழைய பள்ளித் தாளாளர் இந்தக் கடிதத்தைப் படித்தால் அவருக்குச் சொல்கிறேன், ஃபாதர், நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், எந்தக் கிழமையானாலும் சரி. யாராவது வந்து பீரியடைக் கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்