செஞ்சிக்கோட்டைப் பயணம்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரும் சனிக்கிழமை செஞ்சிக்கோட்டைக்கு அழைத்துப் போகிறோம். அங்கே அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன் என்பதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சி என்றதும் நம் எல்லோருக்கும் தேசிங்கு ராஜன்தான் நினைவுக்கு வருவார். 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து இளம்வயதிலேயே உயிர்விட்டவர். அந்தக் கதையை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். நாயக்கர்கள் தலைநகராக வைத்து ஆண்ட ஊர் அது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டும், மராட்டியர் வசமிருந்த கோட்டை எளிதில் பணியவில்லை. உள்ளே இருந்தவர்கள் எதைத் தின்று, எதைக் குடித்து உயிர் வாழ்ந்தார்கள்? இந்தக் கேள்வியோடு பிள்ளைகள் உள்ளே நுழைய வேண்டும்.

பாதி விடை கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்துத் தானியக் களஞ்சியத்தில் இருக்கிறது. அதன் சுவர்களைத் தொட்டு, கனத்தைக் கையால் அளந்து பார்க்கட்டும். மீதி விடை தண்ணீர். சக்கரக்குளம், செட்டிக்குளம், மலைமேல் சுனை, கல்யாண மகால் என்ற பழைய மாளிகைக்கு நீர் கொண்டுவந்த சுடுமண் குழாய் என்று ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் வரைந்து வரச் சொல்லியிருக்கிறோம்.

அப்புறம், ஏற்றம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து ஆழமான பள்ளம் குறுக்கிடும். அதைக் கடக்க ஒரு சிறு பாலம். அதை எடுத்துவிட்டால் எதிரிக்கு வழியே கிடையாது. தலைநகரை இங்கே ஏன் வைத்தார்கள் என்பது அந்த இடத்தில் நின்றால் தானாகவே புரியும். பாலத்தின் இரு முனையிலும் ஆசிரியர்கள் நிற்பார்கள், பயப்பட வேண்டாம். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் பற்றி வகுப்பாசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவர்கள் ஓர் ஆசிரியருடன் கீழேயே இருப்பார்கள். களஞ்சியமும் வேங்கடரமணர் கோயிலும் கீழேதான் உள்ளன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள்.

தொப்பி, ஷூ, இரண்டு பாட்டில் தண்ணீர் போதும். தின்பண்டப் பை வேண்டாம், குரங்குகள் பறித்துவிடும்.

2025-ல் இக்கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சுவரில் பெயர் கிறுக்குவது சட்டப்படி குற்றம் என்பதை நாங்களும் சொல்வோம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம்.

சம்மதப் படிவத்தைக் கையெழுத்திட்டு வியாழனுக்குள் அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்