லிஸ்பனுக்கு நடந்தா போனாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை ஸ்போர்ட்ஸ் பக்கத்துல கால்பந்து வீரர் ஜிம்மி ஜான்ஸ்டன் பத்தி நாலு பாரா போட்டிருந்தீங்க, சந்தோஷம். ஆனா "விமானப் பயத்தால் பெரிதாகச் சாதிக்காமல் போன ஸ்காட்லாந்து விங்கர்"னு ஒரு வரி இருக்கே, எழுதின தம்பிக்கு தெரியலன்னா விடுங்க, உங்களுக்குமா தெரியாது? 1967-ல லிஸ்பன்ல இன்டர் மிலானை 2-1னு அடிச்சு கிளாஸ்கோ கிளப் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை தூக்குச்சே, பிரிட்டன்ல இருந்து முதல் டீம், அதுல ஏழாம் நம்பர் யாரு? லிஸ்பனுக்கு என்ன நடந்தா போனாரு? அந்த வருஷம் ஐரோப்பாவோட சிறந்த வீரருக்குக் குடுக்கற பாலன் டி'ஓர் விருதுல மூணாவது இடம் வேற. சாதிக்கலையாம்!

பயம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. 1968 நவம்பர்ல கிளாஸ்கோல யுகோஸ்லாவியா டீம் ரெட் ஸ்டார் பெல்கிரேடோட மேட்ச். நாலு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா அவங்க ஊர்ல நடக்கற ரெண்டாவது மேட்சுக்கு நீ பிளேன் ஏற வேணாம்னு செல்டிக் மேனேஜர் ஜாக் ஸ்டீன் இவருக்கு வாக்கு குடுத்துட்டாரு. பாதி நேரத்துல 1-1, முடியறப்ப 5-1, அதுல ரெண்டு இவரோடது. அந்தப் பயம் கெடுத்துச்சா, ஜெயிக்க வச்சுச்சா, நீங்களே சொல்லுங்க. அஞ்சடி சொச்சம் உயரம், பந்து காலை விட்டுப் போகாது, டிஃபெண்டரை ஏமாத்திட்டு ஓடாம, திரும்பி வந்து அதே ஆளை மறுபடி ஏமாத்துவாரு. 1970-ல கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க் ஸ்டேடியத்துல இங்கிலாந்து கிளப் லீட்ஸோட டிஃபெண்டர் டெர்ரி கூப்பர் பட்ட பாட்டை 1,36,505 பேர் நேர்ல பார்த்தாங்க.

நான் கிளாஸ்கோல வேலை பார்த்தவன் சார். செல்டிக் ஸ்டேடியத்துக்கு வெளிய ஜான்ஸ்டன் சிலை கழுத்துல யாரோ கிளப்போட பச்சை வெள்ளை ஸ்கார்ஃப் சுத்தி விட்டிருப்பாங்க. அங்க போய் நின்னு உங்க வரியை சத்தமா படிச்சுப் பாருங்க, தெரியும்.

1974-ல ஸ்காட்லாந்து கடற்கரை ஊர் லார்க்ஸ்ல ராத்திரி படகுல ஏறி கடலுக்குள்ள போன கதைக்கு ஒரு முழு பாரா, அதே வாரம் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 2-0னு ஜெயிச்ச மேட்ச்ல ஆடினதுக்கு ஒரு வரி கூட இல்ல. போன வருஷம் ஸ்காட்லாந்துக்காரர் கென்னி டால்கிளிஷை இங்கிலாந்து வீரர்னு போட்டீங்க, அப்பவும் எழுதினேன், பதில் இல்ல. ஐபிஎல் ஏலத்துக்கு மட்டும் மூணு பக்கம் எங்கிருந்துதான் வருதோ!

ஓரத்துல ரெண்டு வரி திருத்தம் போட்டா போதும். அப்படியே, அவர் இறந்தது 2006. நீங்க போட்ட 2008 சிலை வச்ச வருஷம்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகர்,
திருச்சி