கடைசி சீட் பெரியவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள புளூமிங்டன் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். கூடவே இருந்தவர்கள் நீங்கள்தான். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. டாக்டர் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். இதை எழுதும்போது என் மனைவி பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மெமோரியல் ஸ்டேடியத்தில் எங்கள் வரிசையின் கடைசி சீட்டில் உட்காரும் பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, நேரில் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் நம் ஆட்களுக்கும் இது தெரிய வேண்டும்.

இண்டியானா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி மேல் என் மனைவிக்கு இருக்கும் பைத்தியம் நீங்கள் அறிந்ததுதான். 'டவுன்' என்று சொல்லும் நாலு வாய்ப்புக்குள் பத்து யார்டு போக வேண்டிய இந்த ஆட்டத்தை எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். 2021இல் இரண்டு வெற்றி, 2022இல் நாலு, 2023இல் மூன்று. அப்போதும் டிக்கெட்டைப் புதுப்பித்தாள். எதிரணிக்கு மூன்றாவது டவுன் வந்தால் எழுந்து நின்று கத்துவாள். அந்தச் சத்தத்துக்காகவே பெரியவர் எங்களோடு பேச ஆரம்பித்தார். 1967இல் அவர் இங்கே மாணவர். கலிபோர்னியாவில் புத்தாண்டு அன்று நடக்கும் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலுக்கு, 2024 வரை நம் அணி போன ஒரே சீசன் அது. அந்த வருஷம் தொடங்கி ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் குறித்து வருகிறார்.

2024 ஆகஸ்ட் 31 அன்று இந்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அதற்கடுத்த வாரம்தான் எல்லாம் தலைகீழானது. வெஸ்டர்ன் இல்லினாய்ஸ் ஆட்டத்துக்கு எங்கள் டிக்கெட்டில் போன தம்பியிடம் பெரியவர் விசாரித்திருக்கிறார். இவன் சொல்லியிருக்கிறான். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லையாம். ஆட்டம் முடிந்ததும் நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து, மடித்து, அவளிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

77-3. 1901இல் அடித்த 76 புள்ளிதான் அதுவரை நம் அணியின் சாதனை. அதைத் தாண்டிய ஆட்டத்தின் பக்கத்தை, இத்தனை வருஷம் சேர்த்த நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்திருக்கிறார் மனிதர். அடுத்த ஆட்டத்திலிருந்து தாளுக்கு அடியில் கார்பன் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார் என்று தம்பி பிறகு சொன்னான். பென்சிலால் எழுதிய மேல் தாள் அவளுக்கு, நீலப் பிரதி அவருக்கு.

கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ அணியோடு நடந்த ஆட்டத்தை டிவியில் பார்த்து எழுதித் தபாலில் அனுப்பினார். எத்தனையாவது டவுன், இன்னும் எத்தனை யார்டு, பந்து யார் கைக்குப் போனது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, எல்லாம் ஒவ்வொரு வரியாக. 1968 புத்தாண்டு அன்று நம் அணி 14-3 என்று தோற்ற அதே ரோஸ் பவுல் மைதானத்தில் இந்த முறை 42-13 என்று ஜெயித்தது. மாத்திரை மயக்கத்தில் டிவி பார்க்க முடியாதவளுக்கு நான் அந்த வரிகளை வாசித்துக் காட்டுவேன். 'மூன்றாவது டவுன், எட்டு யார்டு' என்று நான் நிறுத்தினால், 'சராட்டுக்குத்தான் போட்டிருப்பான்' என்று நம் அணியில் பந்து பிடிக்கும் வீரர் பேரைச் சொல்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த அறையில் அவள் தன் உடம்பைத் தவிர வேறு எதையாவது யோசித்த நேரம் அதுதான்.

மேரிலாண்ட் ஆட்டம் மழையில் நடந்தது. அந்தத் தாள்கள் நெளிந்து, ஓரமெல்லாம் சுருண்டு வந்தன. எழுத்து மட்டும் அழியவில்லை. அவர் ஏன் பேனாவைத் தொடுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அத்தனை தாள்களிலும் 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று ஒரு இடத்தில்கூட எழுதவில்லை. அட்டையும் பூவும் வந்தபோதெல்லாம் அவள் அழுதாள். தப்பில்லை, அன்பால் வந்தவை. ஆனால் இந்தத் தாள்கள் வந்தால் மூக்குக் கண்ணாடியைத் தேடுவாள். அவளை நோயாளியாக நினைக்காமல், பக்கத்து சீட்டுக்காரியாகவே நினைத்து எழுதினார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது?

ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் அவர் எழுதியது ஒன்றே ஒன்றுதான். மைதானத்தின் வடக்கு முனையில் ஒரு சுண்ணாம்புக் கல் இருக்கிறதே, வீரர்கள் தொட்டுவிட்டு உள்ளே ஓடுவார்களே, அது டெரி ஹெப்னர் கோச்சாக இருந்தபோது வைத்தது. பன்னிரண்டு ஆட்டத்தோடு நின்றுவிடாமல் பதின்மூன்றாவதாக, ஆறு ஆட்டமாவது ஜெயித்த அணிகளுக்கு சீசன் கடைசியில் கிடைக்கும் பவுல் ஆட்டமும் ஆட வேண்டும் என்பது அவர் வீரர்களுக்கு வைத்த இலக்கு. 2007 ஜூனில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். அந்த வருஷக் கடைசியில் பர்டியூவை 27-24 என்று ஜெயித்து, அவருடைய பையன்கள் பதின்மூன்றாவது ஆட்டத்தையும் ஆடினார்கள். நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தின் தாளில், 41-24 என்ற ஸ்கோருக்குக் கீழே பெரியவர் எழுதியிருந்தார்: 'ஆறு வெற்றி ஆகிவிட்டது. இந்த வருஷமும் பதின்மூன்று ஆடுவோம்.'

அதை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று தெரியாது. மறுநாள் நர்ஸ் நடக்கக் கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் எழுந்தாள்.

ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. 1967க்குப் பிறகு இப்படி ஒரு தொடக்கம் இப்போதுதான். ஒரு ஆட்டத்தில்கூட ஒரு நிமிஷமும் பின்தங்கவில்லை. எதிரணிகள் லேசானவை என்கிறார்கள் சிலர். இருக்கட்டும். லேசான அணிகளிடமும் தோற்று, 700க்கும் மேல் தோல்விகளைச் சுமக்கும் அணி இது. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து அவரோடு வந்த ஏடன் ஃபிஷர், மிக்கேல் கமாரா, எலைஜா சராட் எல்லாரும் இதற்கு முன்பே ஜெயித்துப் பழகியவர்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரூர்க், ஒஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கனடாக்காரர், பதற்றமே இல்லாமல் ஆடுகிறார். நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 380 யார்டு, நாலு டச் டவுன். மேரிலாண்ட் ஆட்டத்தில் பந்தைப் பறிகொடுத்தும் அணி குலையவில்லை. பழைய இண்டியானாவாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும்.

கவலை இல்லாமல் இல்லை. கடைசி இரண்டு ஆட்டத்தில் 28, 24 என்று விட்டுக்கொடுத்திருக்கிறோம். மிச்சிகன் வர வேண்டியிருக்கிறது, நவம்பர் 23 அன்று ஒஹாயோ ஸ்டேட் ஊருக்கே போக வேண்டியிருக்கிறது. அங்கே இந்தத் தற்காப்பு போதாது என்பது என் எண்ணம். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அவளோடு இப்படி வாக்குவாதம் பண்ண முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி உங்களுக்கு. தினமும் ரசமும் இட்லியும் கட்டிக் கொடுத்த அக்காமார்களுக்கு, பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தவர்களுக்கு, இண்டியானாபொலிஸுக்கு ராத்திரியில் காரோட்டி வந்தவர்களுக்கு, ரத்தம் கொடுத்தவர்களுக்கு, என் வேலையையும் சேர்த்துப் பார்த்த அலுவலக நண்பர்களுக்கு, முகம் சுளிக்காத நர்ஸுகளுக்கு, ஊரிலிருந்து தினமும் போன் போட்ட சித்திக்கு. பேர் சொன்னால் யாராவது விட்டுப்போகும், அதனால் சொல்லவில்லை. ஒருவரைக்கூட மறக்க மாட்டோம்.

அணி எந்த நிலைமைக்குப் போனாலும் அந்த இரண்டு சீட்டையும் விடப்போவதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறோம். பதின்மூன்றாவது ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும், டாக்டர் சரி என்றால், போகிறோம். பெரியவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். அவரைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு விஷயம். இந்த வாரம் அணிக்கு ஓய்வு. அடுத்தது அக்டோபர் 19ஆம் தேதி, சனிக்கிழமை மதியம், நெப்ராஸ்கா. அவளால் இன்னும் அவ்வளவு நேரம் உட்கார முடியாது, நானும் வீட்டில்தான் இருப்பேன். எங்கள் இரண்டு டிக்கெட்டும் சும்மா இருக்கிறது, வேண்டியவர்கள் எனக்குப் போன் பண்ணுங்கள். காசெல்லாம் வேண்டாம். பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெப்ராஸ்காவுக்கு மூன்றாவது டவுன் வரும்போதெல்லாம் எழுந்து நின்று கத்த வேண்டும். வரும்போது தாள்களை மறக்காமல் வாங்கிவாருங்கள், அவள் காத்துக்கொண்டிருப்பாள்.